உருவம் வரையும் வகுப்பில் வேகத்துக்கும் துணிவுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஓவிய மாணவர்களின் கண்காட்சி ஒன்றைப் பார்த்துவிட்டு வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் படித்தேன். ஆளை நேரில் நிறுத்தி வரைந்த படங்களில் கைகள் அளவுக்கு மீறி நீண்டிருந்தன, முகங்கள் வெறும் கரிப் பூச்சாக இருந்தன, கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிறுக்கப்பட்டிருந்தன என்று அவர் வருத்தப்பட்டிருந்தார். அடிப்படை தெரியாத குறையை மறைக்கவே உணர்ச்சி வெளிப்பாடு என்று பெயர் சூட்டுகிறார்கள் என்பது அவர் கருத்து. முதல் மூன்றாண்டுகள் அளவு பிசகாமல் வரையக் கற்றுக்கொடுத்துவிட்டு, அதன் பிறகு வேண்டுமானால் இத்தகைய சோதனைகளை அனுமதிக்கலாம் என்றும் அவர் எழுதியிருந்தார். அக்கறையோடு எழுதப்பட்ட கடிதம் அது. அதற்குரிய மரியாதையோடுதான் அதை மறுக்கிறேன். பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது கும்பகோணத்தில் வார இறுதிகளில் இளைஞர்களுக்கு உருவம் வரையும் வகுப்பு நடத்தி வருகிறேன். அந்த வாசகர் சொல்லும் வரிசையில் பாடம் நடத்தினால், அவர் பெரிதும் மதிக்கும் அந்த அடிப்படையே மாணவருக்குக் கைகூடாமல் போய்விடும் என்பது என் உறுதியான எண்ணம்.

அவர் பார்த்த படங்கள் எந்த வகைப் பயிற்சிகளிலிருந்து பிறக்கின்றன என்பதை முதலில் விளக்க வேண்டும். வகுப்பு தொடங்கியதும் மாடலாக நிற்பவர் அரை நிமிடத்துக்கு ஒரு முறை நிலையை மாற்றிக்கொண்டே இருப்பார். மாணவர்கள் உட்காராமல் ஈசல் என்னும் படத்தாங்கியின் முன் நின்றுகொண்டு, கரித்துண்டை நுனியில் பிடிக்காமல் படுக்கைவாட்டில் பிடித்து, மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கையை வீசி வரைவார்கள். அந்த அரை நிமிடத்தில் கண்ணையோ மூக்கையோ விரலையோ வரைய முடியாது. தலை எந்தப் பக்கம் சாய்கிறது, முதுகெலும்பு எங்கே வளைகிறது, இடுப்பின் எந்தப் பக்கம் உயர்ந்திருக்கிறது, உடலின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல மட்டுமே நேரம் இருக்கும். உடற்கூறு பயிலும் மாணவன் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியவையும் இதே கேள்விகள்தாம். ஒரே நிலையை மூன்று மணி நேரம் பார்த்து வரையும் வகுப்பில் அதே மாணவன் பெரும்பாலும் கண்ணிலிருந்து தொடங்குகிறான். முகத்தை முடித்துவிட்டுக் கழுத்துக்கு இறங்கி, தோளுக்கு வந்து, கடைசியில் தாளில் இடம் போதாமல் பாதத்தை வெட்டிவிடுகிறான். உறுப்புகளைத் தனித்தனியே பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆள் தரையில் நிற்கமாட்டார்.

இதற்கு நேரெதிரான பயிற்சி ஒன்று, தாளைப் பார்க்காமல் வரைவது. மாடலின் காது மடலில் தொடங்கும் பார்வை, கழுத்தின் ஓரமாக இறங்கி, தோள் எலும்பின் மேட்டைத் தாண்டி, எறும்பு ஊரும் வேகத்தில் நகர வேண்டும். பென்சிலும் அதே வேகத்தில் தாளில் நகர வேண்டும். குனிந்து பார்க்கக் கூடாது. முடிந்த பிறகு பார்த்தால் வாய் கன்னத்துக்கு வெளியே போயிருக்கலாம், முழங்கை தாளை விட்டே இறங்கியிருக்கலாம். ஆனால் முழங்கை மடிப்பில் தோல் எப்படிச் சுருங்கியிருக்கிறது, காதுக்குப் பின்னால் தொடங்கும் தசை எப்படிச் சரிந்து வந்து மார்பெலும்பின் உச்சியில் முடிகிறது என்பவை அந்தக் கோட்டில் பதிந்திருக்கும். தாளையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்து வரையும் கோட்டில் அவை அநேகமாக நழுவிப்போகும். கண்காட்சியில் அந்த வாசகரைத் துணுக்குற வைத்த நீண்ட கைகளில் சில இப்படி வந்தவையாக இருக்கக்கூடும். அப்படியானால், அவை எந்தப் பயிற்சியில் வரைந்தவை என்று பார்வையாளருக்குச் சொல்லாமல் சட்டமிட்டு மாட்டியது கண்காட்சி அமைத்தவர்களின் குறை. அதை வரைந்த மாணவரின் தலையில் ஏற்றக் கூடாது.

வலக்கைப் பழக்கம் உள்ளவரை இடக்கையால் வரையச் சொல்வது, மாடலை ஓர் அறையிலும் தாளை வேறோர் அறையிலும் வைத்து நினைவிலிருந்து வரையச் சொல்வது, தாள் முழுவதும் கரித்தூளைத் தேய்த்துக் கறுப்பாக்கிவிட்டு வெளிச்சம் விழும் இடங்களை மட்டும் ரப்பரால் துடைத்தெடுப்பது, நடமாடும் மாடலின் பல நிலைகளை ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைவது என்று இன்னும் பல உண்டு. இவையெல்லாம் பழகிய கையின் சாமர்த்தியத்தைக் கொஞ்ச நேரம் பறித்து வைத்துக்கொண்டு கண்ணை வேலை வாங்குபவை. பழகிய கையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. நிறைய முகங்களை வரைந்துவிட்ட மாணவன் அடுத்த முகத்தைப் பார்க்காமலே வரைந்துவிடுவான். எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாவின் இடது இமை சற்றே தளர்ந்திருப்பது அவன் பார்வைக்கு வருவதில்லை, ஏனென்றால் கண் என்றால் எப்படி இருக்கும் என்று அவன் கைக்கு ஏற்கெனவே தெரியும். இடக்கைக்கு அது தெரியாது. ஆகவே அது பார்த்தே ஆக வேண்டும்.

இவை அண்மையில் கிளம்பிய மோகங்கள் என்ற எண்ணமும் அந்தக் கடிதத்தில் தொனித்தது. நியூயார்க்கின் ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீக்கில் ஆசிரியராக இருந்த கைமன் நிக்கலைடஸ் 1938-இல் மறைந்தார். அவர் வகுத்து வைத்த பாடமுறை 1941-இல் வெளியானபோது, விளிம்பைத் தொடர்ந்து தாளைப் பார்க்காமல் வரைவதும், அசைவைப் பிடிக்கும் வேக வரைதலும் அதில் முதல் பாடங்களாக இடம்பெற்றிருந்தன. தொடக்கநிலை மாணவருக்கென்றே அவற்றை அவர் வைத்தார்.

அவருக்கும் முன்பே பிரெஞ்சுச் சிற்பி ரோடின், தம் பட்டறையில் மாடல்களை ஓரிடத்தில் நிறுத்தி வைக்காமல் விருப்பம்போல் நடமாடவிட்டு, அவர்கள்மேல் வைத்த கண்ணை எடுக்காமலே பென்சிலை ஓடவிட்டு வரைந்தார். கம்போடிய மன்னர் சிசோவத்துடன் 1906-இல் பிரான்சுக்கு வந்த அரசவை நடனப் பெண்களைப் பாரிஸில் பார்த்தவர், அவர்கள் கப்பலேறவிருந்த மார்சேய் நகரம் வரை பின்தொடர்ந்து சென்று ஏறத்தாழ 150 படங்கள் வரைந்தார். அவற்றில் முகம் பெரும்பாலும் ஒரு நீள்வட்டம் மட்டுமே. ஆனால் பின்னோக்கி வளையும் விரல்களும் மடங்கிய முழங்காலும் எந்தக் கணத்தில் நிற்கின்றன என்பது நடனம் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு உடனே புலப்படும். ரோடினுக்கு அப்போது வயது 65, அவர் மேதை, அவரை 18 வயது மாணவரோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்; அதனால்தான் நிக்கலைடஸை முதலில் சொன்னேன்.

நம் சென்னையின் வரலாறும் இந்த வழக்கில் சாட்சி சொல்லும். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850-இல் தொடங்கிய பள்ளிதான் இன்று எழும்பூரில் அரசு கவின்கலைக் கல்லூரியாக இருக்கிறது. 1929-இல் அதன் பொறுப்பை ஏற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1957 வரை அங்கே பணியாற்றினார். அவர் வடித்த உழைப்பாளர் சிலை 1959 முதல் மெரினாவில் நிற்கிறது. அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது அந்த வாசகர் சிறிது நேரம் அதனருகில் நின்று பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். பாறையை நகர்த்தும் நான்கு பேரின் முதுகிலும் தொடையிலும் திரண்டு நிற்கும் தசைகளை மருத்துவப் பாடநூலோடு ஒப்பிட்டால் மிகையாகத்தான் தெரியும். அந்த மிகையை எடுத்துவிட்டால் பாறைக்கு எடை இருக்காது.

ராய் சௌத்ரிக்குப் பின் கே.சி.எஸ். பணிக்கர் பொறுப்பேற்றார், அவரும், எஸ். தனபால், எல். முனுசாமி, ஏ.பி. சந்தானராஜ் போன்றவர்களும் அங்கே வளர்த்தெடுத்த மரபுக்கு அடையாளமே கோடு என்று கலை பற்றி எழுதுபவர்கள் சொல்வதுண்டு. ஓர் உருவத்தின் பாரத்தையும் திமிறலையும் நிழல் தீட்டாமல் கோட்டின் தடிப்பிலும் மெலிவிலும் மட்டுமே சொல்லிவிட முடியும் என்பதை அவர்கள் காட்டினார்கள். அந்தக் கல்லூரியில் பயின்ற கே.எம். ஆதிமூலம், 1969-இல் காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த காந்தியின் கோட்டோவியங்களைத் தமிழ் வாசகர்கள் பலர் பார்த்திருப்பார்கள். காந்தியை அவர் எதிரில் அமர்த்தி வரையவில்லை என்பது உண்மைதான். ஆனால் நூற்றுக்கணக்கான மனிதர்களை நேரில் பார்த்து வேகமாக வரைந்து பழகாத கைக்கு, ஒன்றோடொன்று மோதிக்கொண்டு ஓடும் அந்தக் கோடுகளுக்குள் ஒரு முதியவரின் தோளையும் நடையையும் வைக்கும் துணிவு வந்திருக்காது என்பது என் கருத்து.

மிகை எங்கே வேண்டும், எதற்காக வேண்டும் என்று மாணவர்கள் கேட்கும்போது நான் வழக்கமாகச் சொல்வது ஜெர்மானிய ஓவியர் கேத்தே கோல்விட்ஸின் கதையைத்தான். இறந்துபோன குழந்தையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாயின் படத்தை 1903-இல் அவர் உலோகத் தகட்டில் பொறித்தார். அதற்காகத் தம் ஏழு வயது மகன் பீட்டரைக் கையில் ஏந்திக்கொண்டு, கண்ணாடிக்கு முன் இருந்து தம்மையே பார்த்து வரைந்தார். பிள்ளையின் பாரம் தாங்காமல் அவர் முனகியபோது, கவலைப்படாதே அம்மா, படம் அழகாக வரும் என்று அந்தச் சிறுவன் ஆறுதல் சொன்னானாம். அதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்தப் படத்தில் தாயின் முகம் குழந்தையின் மார்பில் புதைந்திருக்கிறது. கையும் முழங்காலும் படத்தையே அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெருத்திருக்கின்றன. மனித அளவைத் தாண்டிய ஒரு வலிமையோடு அவள் பிள்ளையைப் பற்றிக்கொண்டிருக்கிறாள். கோல்விட்ஸுக்கு உடற்கூறு தெரியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். தம் கையில் உண்மையாகவே இறங்கிய எடையை வரைந்தவர் அவர். எடை இறங்கிய இடமெல்லாம் பெருத்தது, மற்ற இடங்கள் பின்னுக்குப் போயின. அந்தப் பீட்டர் 1914 அக்டோபரில், முதல் உலகப் போர்க்களத்தில், 18 வயதில் உயிரிழந்தான். அந்தச் செய்தியைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் படத்தை மாணவர்கள் பார்க்கும் விதமே மாறிவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

கருவிக்கும் உணர்ச்சிக்கும் உள்ள உறவைச் சொல்ல நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தின்போது கல்கத்தாவின் தெருக்களில் பட்டினியால் சுருண்டு கிடந்தவர்களை ஓவியர் ஜைனுல் ஆபிதீன் வரைந்தார். மலிவான பொட்டலத் தாளில், ஈரம் வற்றிய தூரிகையால் கறுப்பு மையில் வரையப்பட்ட படங்கள் அவை. காய்ந்த தூரிகை சொரசொரப்பான தாளில் உரசும்போது மை முழுவதும் பிடிக்காமல் இடையிடையே தாள் தெரியும். அந்த வறட்சியே விலா எலும்பாகவும் ஒட்டிய வயிறாகவும் ஆகிவிட்டது. நேர்த்தியாக நிழல் தீட்டி அவர் அதை வரைந்திருந்தால், பார்ப்பவர் அந்த நேர்த்தியைப் பாராட்டிவிட்டு நகர்ந்திருப்பார்.

என் வகுப்பில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். காய்கறி மண்டியில் மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் எங்களுக்கு மாடலாக வருவதுண்டு. உமி அடைத்த சாக்கை முதுகில் ஏற்றிக்கொண்டு அவர் குனிந்து நிற்க, மாணவர்கள் பென்சிலால் நிதானமாக வரைந்தார்கள். இடைவேளையில் தேநீர் டம்ளரோடு ஒவ்வோர் ஈசலாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், நன்றாக வரையக்கூடிய ஒரு பெண்ணின் படத்துக்கு முன் நின்று, "எல்லாம் சரியாத்தான் இருக்கும்மா. ஆனா இந்த ஆளு மூட்டையத் தூக்கல, மூட்டை இவன்மேல ஒட்டிக்கிட்டு இருக்கு" என்றார். பிறகு தம் பிடரியைத் தொட்டுக் காட்டி, "பாரம் மொதல்ல இங்கதான் வந்து உக்காரும். அப்புறம் குறுக்குல எறங்கும். காலுக்குக் கடைசியாத்தான் வரும்" என்று விளக்கினார்.

உமிச் சாக்கில் அந்தப் பாரம் எப்படித் தெரியும் என்று அவரே கேட்டு, அடுத்த சுற்றுக்கு உண்மையாகவே கனக்கும் மூட்டை ஒன்றைத் தூக்கிக் காட்ட முன்வந்தார். அதை நெடுநேரம் சுமந்து நிற்க யாராலும் முடியாது, நிற்கச் சொல்வதும் முறையாகாது என்பதால், ஒரு நிமிடம் ஏற்றுவது, இறக்கி வைத்துவிட்டு ஓய்வெடுப்பது என்று முடிவு செய்தோம். அந்தப் பெண் பென்சிலை வைத்துவிட்டு மூங்கில் சிம்பு ஒன்றை இந்தியன் இங்கில் தோய்த்து எடுத்தாள். பிடரியில் சிம்பை அழுத்தி ஊன்றியபோது மை அங்கே தேங்கிப் பரவியது. முதுகின் வழியாக இழுக்க இழுக்க மை குறைந்து கோடு இரண்டாகப் பிரிந்தது. குதிகாலுக்கு வந்து சேரும்போது வெறும் கீறலாக நின்றுவிட்டது. தலை இருக்க வேண்டிய அளவில் பாதிகூட இல்லை. அந்தத் தொழிலாளி அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவன் தூக்குறான்" என்றார். அளவை மட்டும் பார்ப்பவர் முதல் படத்துக்குத்தான் அதிக மதிப்பெண் கொடுப்பார். நான் இரண்டாவதற்குக் கொடுத்தேன். மூட்டை தூக்குவதைப் பற்றி எங்கள் எல்லோரையும்விட அதிகம் தெரிந்தவர் சொன்ன தீர்ப்பு அது.

அதே சமயம் அந்த வாசகரின் கோபத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆளைப் பார்க்காமலே கையை வீசிவிட்டு, அதை உணர்ச்சி என்று சொல்லிக்கொள்ளும் தாள்களும் இருக்கத்தான் செய்கின்றன. பார்த்ததால் வந்த மிகையையும் பார்க்காததால் வந்த பிழையையும் பிரித்தறிய முடியும் என்பதே நான் வலியுறுத்த விரும்புவது. ஒரு காலில் ஊன்றி நிற்கும் மனிதரின் கழுத்துக்குழியிலிருந்து நுனியில் எடை கட்டிய தூக்குநூல் ஒன்றை விட்டால், பாரம் தாங்கும் காலின் கணுக்கால் அருகே அது விழும். பாரம் தாங்கும் பக்கத்தில் இடுப்பு உயரும். அதே பக்கத்துத் தோள் தாழும். நம் கோயில்களில் திரிபங்கமாக, அதாவது உடல் மூன்று இடங்களில் வளைந்து, நிற்கும் செப்புத் திருமேனிகளில் இடுப்பின் அந்த ஏற்றத்தை யாரும் பார்க்கலாம். முகத்தின் நீளத்தை அலகாக வைத்துத் தாளம் என்னும் சிற்ப அளவுக் கணக்கில் வார்த்த அந்தச் சிற்பிகள், எந்த மனிதருக்கும் இல்லாத அளவுக்குத் தோளை அகலமாகவும் இடையைச் சிறுத்தும் வைத்தார்கள். நிற்கும் உடலின் பாரத்தை மட்டும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. மாணவரின் படத்தில் கை எவ்வளவு நீண்டிருந்தாலும், முதலில் ஆள் நிற்கிறாரா சரிகிறாரா என்று பாருங்கள். நிற்கிறார் என்றால், வரைந்தவர் பார்த்திருக்கிறார்.

இன்னொன்றையும் பார்க்கலாம். ஒரே மாணவர் வெவ்வேறு மாடல்களை வரைந்த தாள்களை வரிசையாகப் பரப்பி வைத்தால், எல்லாரும் ஒரே வளைவில், ஒரே கிறுக்கலில், ஒரே சோகத்தோடு நிற்கிறார்கள் என்றால் அங்கே பார்வை நின்றுபோய்விட்டது என்று பொருள். தறியில் நெடுங்காலம் உட்கார்ந்த நெசவாளரின் முதுகும், தெருக்கூத்தில் ஆடிப் பழகியவரின் முதுகும் ஒன்றுபோல் இருக்க வழியில்லை. கோடு ஆளுக்கு ஆள் மாறுகிறதா என்பதை ஓவியப் பயிற்சி இல்லாத பார்வையாளரும் கண்டுகொள்ள முடியும். ஒரு படத்தை மட்டும் வைத்து மாணவரை மதிப்பிடுவது, பாராட்டானாலும் கண்டனமானாலும், பெரும்பாலும் தவறிப்போகும்.

சரியாக வரைவது என்றால் எப்படி இருக்கும் என்பது பற்றிய நம் பொது எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. நடிகர்களின் ஒளிப்படத்தைக் கட்டம் போட்டு, புருவத்தின் ஒவ்வொரு முடியையும் பென்சிலால் நகலெடுக்கும் பழக்கம் இன்று இளைஞர்களிடம் பெரிதும் பரவியிருக்கிறது. அதில் உள்ள பொறுமையையும் உழைப்பையும் நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே தேர்வு செய்யும் வேலையைக் கேமரா முன்கூட்டியே முடித்துவிட்டது. அருகில் பிடித்த செல்பேசி மூக்கைப் பெரிதாக்கிக் காதைச் சிறிதாக்கும். நகலெடுப்பவர் அந்தப் பிழையையும் சேர்த்தே எடுப்பார், பார்ப்பவர்களும் அச்சு அசலாக இருக்கிறது என்று பாராட்டுவார்கள். உயிருள்ள ஆள் மூச்சு விடுகிறார். சிறிது நேரத்தில் தோள் தாழ்கிறது, தாடை தளர்கிறது, பாரம் மறுகாலுக்கு மாறுகிறது. எந்தக் கணத்தின் தோளை வைத்துக்கொள்வது என்று வரைபவர்தான் முடிவு செய்ய வேண்டும். உருவம் வரைவதன் சாரமே அந்த முடிவில்தான் இருக்கிறது. தொடர்ந்து ஒளிப்படத்தைப் பார்த்தே வரைந்தவர்கள் என் வகுப்புக்கு முதன்முதலாக வரும்போது, மாடல் லேசாக அசைந்தவுடனேயே கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள். அசையட்டும், அதையும் வரையுங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அளவு, பிறகு சுதந்திரம் என்ற வரிசையை நான் ஏற்காததற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. பிழை வந்துவிடக் கூடாது என்ற அச்சத்தோடு சில ஆண்டுகள் வரைந்த கைக்குப் பிறகு வேகம் கற்றுக்கொடுப்பது மிகவும் கடினம். கோட்டைச் சிறு சிறு துண்டாக, தயங்கித் தயங்கி, முடி முடியாக ஒட்டும் பழக்கம் ஊறிவிட்டால் அதைக் களைவதற்கே ஆண்டுகள் ஆகின்றன. மூன்று மணி நேர வகுப்பு என்றால், முதல் இருபது நிமிடம் அரை நிமிட நிலைகள், அடுத்துச் சற்று நேரம் தாளைப் பார்க்காமல் வரைதல், அதன் பிறகு நெடிய நிலை ஒன்றில் தூக்குநூலும் நீட்டிப் பிடித்த பென்சிலும் கொண்டு கண்டிப்பான அளவு, கடைசியில் அதே நிலையை முதல் படத்தைத் திருப்பி வைத்துவிட்டு மையால் ஒருமுறை என்று நான் நடத்துகிறேன். வேகமாக வரைந்து சூடேறிய கண் நெடிய நிலைக்கு வரும்போது அளவுப் பிழைகள் குறைகின்றன. அளந்து பார்த்த அறிவு கடைசி மை ஓவியத்துக்குள் இறங்குகிறது. அளவும் துணிவும் ஒன்றையொன்று தூக்கிவிடுபவை என்பதால் முதல் நாளிலிருந்தே இரண்டும் சேர்ந்து வர வேண்டும்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. விலை உயர்ந்த கார்ட்ரிட்ஜ் தாள் ஒன்றை வைத்துக்கொண்டு, அதைக் கெடுத்துவிட்டால் அடுத்த தாளுக்கு அப்பாவிடம் பணம் கேட்க வேண்டுமே என்று நினைக்கும் மாணவரிடம் துணிவாக வரை என்று சொல்வதில் பயனில்லை. செய்தித்தாள் அச்சகங்களில் உருளையின் கடைசியில் மிஞ்சும் தாள், பழுப்புத் தாள், ஒரு பக்கம் அச்சான சுவரொட்டியின் மறுபக்கம் ஆகியவை வேக வரைதலுக்குப் போதும். தென்னை ஈர்க்கும் மூங்கில் சிம்பும் காசில்லாமல் கிடைக்கும். நீண்ட குச்சியின் நுனியில் கரித்துண்டைக் கட்டி, தாளைத் தரையில் விரித்து, நின்றபடி வரைந்து பார்க்கலாம். பிரெஞ்சு ஓவியர் மாத்தீஸ் தம் கடைசிக் காலத்தில், பிரான்சின் வான்ஸ் நகரத்துச் சிற்றாலயத்துக்கான பெரிய உருவங்களை இப்படி நீண்ட மூங்கிலில் கரியைக் கட்டித்தான் வரைந்து பார்த்தார். தங்கள் நாளிதழ் போன்ற நிறுவனங்கள் மிஞ்சும் தாளை அருகிலுள்ள பள்ளிகளுக்குக் கொடுத்தால், ஓவிய வகுப்புகளில் அச்சம் பாதி குறையும்.

கல்லூரிகளுக்கும் ஓவியப் பயிற்சி தரும் மற்ற இடங்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். ஆண்டு இறுதியில் முடித்துத் தரும் ஒரே படத்துக்கு மட்டும் மதிப்பெண் வழங்காமல், மாணவர் ஆண்டு முழுவதும் வரைந்த தாள்களைக் கட்டோடு வாங்கிப் பார்த்து மதிப்பிட வேண்டும். கண்காட்சியில் ஒவ்வொரு படத்தின் கீழும் அது எத்தனை நிமிடத்தில், எந்தக் கருவியால், எந்தப் பயிற்சியில் வரையப்பட்டது என்று எழுதி வைக்க வேண்டும். பார்வையாளர் குழப்பமின்றிப் பார்ப்பதற்கு அந்த இரண்டு வரிகள் பெரிதும் உதவும். அளந்து வரைந்த படமும் வீசி வரைந்த படமும் ஒரே மாணவருடையவை என்றால் அவற்றை அடுத்தடுத்து மாட்ட வேண்டும்.

மாடல்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நெடுநேரம் அசையாமல் நிற்பது கடினமான உடல் உழைப்பு. கால் மரத்துப்போகும், முதுகு பிடித்துக்கொள்ளும். குறுகிய நிலைகளைப் பாடத்தில் சேர்த்தால் முதியவர்களும், நீண்ட நேரம் நிற்க முடியாதவர்களும் மாடலாக வர முடியும். மாணவர்களுக்கும் ஒரே வகை உடலை மட்டும் பார்க்கும் நிலை மாறும். குறுகிய நிலை என்பதற்காக ஊதியத்தைக் குறைக்கக் கூடாது, ஏனென்றால் அரை நிமிடத்துக்கு ஒரு முறை புதிய நிலையைத் தாமே யோசித்து எடுப்பவர் அதிகம் உழைக்கிறார். அவர்கள் சம்மதமின்றி யாரும் செல்பேசியில் படம் எடுக்கக் கூடாது. நிலை எவ்வளவு நேரம் என்பதை அவர்களையும் கேட்டே முடிவு செய்ய வேண்டும். இடைவேளையில் அவர்கள் ஈசல்களுக்கு இடையே நடந்து தாள்களைப் பார்க்கவும், பார்த்ததைச் சொல்லவும் இடம் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.